வெயில் காலத்தில் வெறுங்கால்

கேள்வி: கோடை விடுமுறையில் குழந்தைகளோடும் சர்க்கரை நோயுள்ள தந்தையாரோடும் நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிறோம். அங்கே எல்லாரும் வெறுங்காலோடு திரிகிறார்களே, நாமும் திரியலாமா?

பதில்: வேண்டாம். தலைக்குத் தண்ணீரும் உள்ளங்காலுக்குத் தணலும் ஏககாலத்தில் கிடைக்கும் ஸ்தலம் அது. உச்சிவேளையில் சிமெண்டுத் தரையின் உஷ்ணம் 50 டிகிரி செல்சியஸைக் கடந்துவிடக்கூடும் என்பதையும், நெடுநேரம் நீரில் ஊறி மிருதுவான பாதம் சொரசொரப்பான தரையில் எளிதில் உராய்ந்து புண்படும் என்பதையும், அப்புண்ணின் வழியே கிருமி புகுவது சுலபம் என்பதையும் மனத்திற்கொண்டால், ரப்பர் அடி வைத்த நீர்க்காலணியைத்தான் பையில் முதலில் எடுத்து வைப்பீர்கள். சறுக்குகளில் அதைக் கழற்றச் சொன்னால் குழந்தைகள் கழற்றட்டும், இறங்கியதும் அணியட்டும். உடைமாற்றும் அறையின் ஈரத்தரை, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சைக்கு உகந்த வாசஸ்தலம்; ஆதலால் குளித்தபின் விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்.

தந்தையார் விஷயத்தில்தான் எனக்கு விசாரம் அதிகம். சர்க்கரை நோயால் கால் நரம்புகள் நலிந்தவருக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் எழுந்த பிறகும் வேதனை தெரியாமல் நடந்துகொண்டே இருப்பார். அவரை ஒரு கணமும் வெறுங்காலோடு விடாதீர்கள். அன்றிரவே அவருடைய உள்ளங்கால்களை நல்ல வெளிச்சத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். சிறு கொப்புளம் கண்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.