என்.சி.சி. அண்ணன்

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இவர் இருப்பார். ஹாஜர் பட்டியலில் உள்ள பெயர் யாருக்கும் தெரியாது, 'என்.சி.சி. அண்ணன்' என்றால் வாட்ச்மேன் முதல் பிரின்ஸ்பால் வரை தெரியும். பதவி சீனியர் அண்டர் ஆபீசர். தெருமுனையில் வளைந்து திரும்பமாட்டார். நின்று, குதிகாலைத் தட்டி, செங்கோணத்தில்தான் திரும்புவார். பால் வாங்கப் போனாலும் அப்படித்தான்.

காலையில் பரேடு என்றால் முந்தின ராத்திரியே வீடு பாசறையாகிவிடும். பக்கிளுக்குப் பிராஸோ, பூட்ஸுக்குப் பாலிஷ், காக்கிச் சட்டைக்கு மொடமொடப்பாகக் கஞ்சி. "வடிச்ச கஞ்சி பூரா சட்டைக்கே ஊத்திட்டான், மாட்டுக்கு என்னத்த வைக்க?" என்று அம்மா புலம்புவார். "ஒற்றுமையும் ஒழுக்கமும்மா" என்று பதில் வரும். 1948-ல் தொடங்கிய படைக்கு இவர் வீட்டு மாடும் தன்னால் ஆன தியாகத்தைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்தி தெரியும் என்பார். சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், தம். அவ்வளவுதான் அந்த இந்தி. இந்தக் கட்டளைச் சொற்கள் வேண்டாம் என்று 1968-ல் தமிழகச் சட்டமன்றமே தீர்மானம் போட்டது அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை. டெல்லிக் குடியரசு தின முகாமுக்குப் போனவர், ஆட்டோவை நிறுத்த அடிவயிற்றிலிருந்து "ஸ்க்வாட்... தம்!" என்றாராம். ஆட்டோ நின்றது. டிரைவரும் இறங்கி விறைப்பாக நின்றார் என்பது அண்ணன் சேர்த்துச் சொல்வது.

முதலாமாண்டுப் பையன்கள் வருவது பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரிப் பொட்டலத்துக்கு. அது அவருக்கும் தெரியும். "பூரிக்காடா தேசபக்தி?" என்று உறுமுவார். பிறகு மிஞ்சிய பொட்டலங்களை எண்ணிப் பார்த்து, தளபதி என்ற முறையில் இரண்டை எடுத்துக்கொள்வார்.

'சி' சர்டிபிகேட் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிக்கான எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம் என்று எல்லோருக்கும் சொல்வார். டிகிரியில் 50 சதவீதம் வேண்டும் என்ற அடுத்த வரியை மட்டும் வாசிக்கமாட்டார். அரியர் ஏழு.

ஆனாலும் தேர்த் திருவிழாவில் கூட்டம் முட்டும்போது, வெயிலில் கயிறு பிடித்து நிற்க இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவது இவரைத்தான். உங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் பந்தியைத் தைரியமாக இவரிடம் ஒப்படையுங்கள். இலைகள் நூல் பிடித்தாற்போல் இருக்கும், தள்ளுமுள்ளு இருக்காது. பாயசம் மட்டும் இரண்டாம் தரம் கேட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும்.