ஒரு சொட்டு எண்ணெய்

கே: தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச், சாவி கொடுத்தால் ஐந்து நிமிடம் ஓடிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா?
– வாசகர், அம்மையார்குப்பம்

ப: சொட்டா! அதில் ஒரு டஜன் வாட்ச்சைக் குளிப்பாட்டலாமே. பஞ்சு அடைத்த தறியில் எண்ணெய் ஊற்றினால் என்னாகும் என்று நெசவு ஊர்க்காரருக்கு நானா சொல்ல வேண்டும்? உள்ளே பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றி, பெட்ரோலில் அலசி, அச்சுமுனைகள் சுழலும் கல் குழிகளைக் கூர்சீவிய குச்சியால் துடைத்து, ஊசிமுனையால் எண்ணெய் தொட்டுவைப்பார். மணிக்கு 18,000 முறை டிக் அடிக்கிற யந்திரம், தூசி பொறுக்காது. உதிரிபாகமா? அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-இலேயே அரசு முடிவெடுத்துவிட்டது. இன்னொரு செத்த ஜனதாதான் உறுப்பு தானம் செய்ய வேண்டும். யாராவது டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறேன் என்றால் மட்டும், வாட்ச்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுங்கள்; தாத்தா பார்த்த முகமே போய்விடும்.