சக்கரக் காற்றும் சஞ்சலமும்: ஒரு முன்னாய்வு

காருக்குக் காற்றுப் பார்க்கும் கலை தமிழகத்தில் மூன்று நிலைகளைக் கடந்து வந்திருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. முதலாவது உதைநிலை. வண்டிக்காரர் வண்டியை ஒருமுறை வலம் வந்து, டயரைச் செருப்புக் காலால் எத்தி, "இருக்கு" என்பார். எவ்வளவு என்று கேட்பது மரபன்று. இரண்டாவது பங்க்நிலை. கண்ணாடியை இறக்கி, "முன்னாடி முப்பது, பின்னாடி முப்பத்திரண்டு" என்று மொழிந்துவிட்டு அடுத்த வெளியூர்ப் பயணம் வரை மறந்துவிடுவது. மூன்றாவது, நாம் வாழும் சென்சார்நிலை. வால்வுகளில் திருகிய நான்கு குட்டி மூடிகள்; டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வெயிலைக் குடித்து உயிர்வாழும் ஒரு சிறு திரை.

லாரிக்காரர்கள் இந்த மூன்றிலும் சேராதவர்கள். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் என்பதால் உள்டயரில் காற்று இறங்கினாலும் வெளிடயர் சுமையைத் தாங்கி மறைத்துவிடும். ஆகவே கிளீனர் ஒரு கட்டையால் தட்டி ஓசையைக் கேட்பார். கணீரென்றால் காற்று உண்டு, பொத்தென்றால் இல்லை. இதை இயந்திரவியலார் இசையியலாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டனர்.

சென்சார்க் கருவியின் வரலாறு சுருக்கமானது. 1986-இல் போர்ஷே 959 என்ற பணக்கார வண்டியில் அது தலைகாட்டியது. பின்னர் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்ட விவகாரத்தையடுத்து 2000-இல் சட்டம் வந்தது. பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் வண்டியே சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்தியாவில் 2020-இல் வந்த திருத்தம், டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இக்கருவியும் இருக்கும் கார் ஸ்டெப்னி சுமக்கத் தேவையில்லை என்றது.

கம்பெனியே பொருத்தித் தரும் கருவிகளில் எளிய வகை ஒன்று உண்டு. அது காற்றை அளப்பதே இல்லை. காற்றிறங்கிய சக்கரம் சற்றுச் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும்; அந்த வேறுபாட்டைப் பிரேக் சென்சார் வழியாகக் கண்டுபிடிக்கும். நான்கும் பேசிவைத்துக்கொண்டு ஒரே அளவில் இறங்கினால் அதற்கு ஒன்றும் தெரியாது. நமது அரசியலை அறிந்த எவரும் இதை வியக்க மாட்டார்கள்.

நாமாக வாங்கி மாட்டும் கருவியோ உண்மையிலேயே அளக்கிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. மூடி வால்வின் ஊசியை அழுத்திக் காற்றைத் தன்பக்கம் திறந்துவைத்துக்கொள்ளும். உள்ளே பட்டன் பேட்டரி. எண்ணை ரேடியோ அலையில் அனுப்பும். திருடன் கழற்றாதிருக்க அடியில் ஒரு நட்டு, நட்டுக்கு ஒரு பொடி ஸ்பேனர். காற்று அடிக்க வேண்டுமானால் நான்கு நட்டையும் தளர்த்தி நான்கு மூடியையும் கழற்ற வேண்டும். பின்னால் ஆறு வண்டி நிற்கையில் பங்க் பையனின் முகம் போகும் போக்கை எந்தத் திரையும் காட்டாது. மூடியைக் கழற்றியதும் "காற்று அடியோடு போயிற்று" என்று கருவி உள்ளே அலறும். பொடி ஸ்பேனர் தொலைந்த பிறகு, காற்றைக் கண்காணிப்பதற்காகக் காற்று அடிப்பதையே நிறுத்தியவர்கள் உண்டு.

இதனிடையே ஒரு மதச்சிக்கலும் எழுகிறது. நைட்ரஜன் அடித்தவர்கள் அதற்கு அடையாளமாகப் பச்சை மூடி அணிவர். (சாதாரணக் காற்றிலேயே நைட்ரஜன் 78 விழுக்காடு என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.) ஒரு வால்வில் இரண்டு மூடி இருக்க முடியாது. சென்சார் ஏறினால் பச்சை இறங்க வேண்டும். அதன்பின் அவர் நைட்ரஜன்காரர் என்பதை உலகம் எவ்வாறு அறியும்?

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். நான்கு சக்கரத்திலும் ஒரே எண் நிற்பது இயற்கையில் நிகழாது. ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். மாலை வெயில் இடப்பக்கம் விழுமாறு நிறுத்திய காரில் இடப்பக்க டயர்கள் 35 என்றும், வலப்பக்கத்தவை 33 என்றும் காட்டும். இது உலகம் தோன்றிய நாள்முதல் நடப்பதுதான். யாரும் பார்த்ததில்லை, அவ்வளவே. சென்சார்நிலை மனிதர் பார்க்கிறார், பங்குக்கு ஓடுகிறார், 35-ஐ 33 ஆக்குகிறார். இரவில் அது 31 ஆகிறது. மறுநாள் மீண்டும் பங்க். திருச்சி நெடுஞ்சாலையில் ஓட ஓட 33 என்பது 37 ஆகும்போது, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண் ஆறிய டயருக்கானது என்பதை மறந்து, ஓரங்கட்டிக் காற்றைப் பிடுங்குகிறார். பின்னிருக்கையில் உதைநிலையைச் சேர்ந்த மாமனார். "மாப்ள, ரோட்டப் பாருங்க, காத்து அது பாட்டுக்கு இருக்கும்" என்கிறார்.

மலைப்பயணம் இதனினும் நுட்பமானது. மேட்டுப்பாளையத்தில் 33 வைத்துக்கொண்டு 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு ஏறி, இரவு தங்கி, காலையில் பாருங்கள். வெப்பம் 20 டிகிரி இறங்கியிருப்பதால் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறையும். வெளிக்காற்று மெலிவதால் பங்க் மீட்டரில் ஏறத்தாழ அதே 3 கூடும். ஆக, பங்க் மீட்டர் 33 என்று சொல்லும். உள்ளழுத்தம் முழுவதையும் அளந்து கடல்மட்டக் காற்றைக் கழித்துக் காட்டும் வகைக் கருவியோ 30 என்று சொல்லும். இரண்டும் பொய் சொல்லவில்லை. காலை உணவு ஆறிப்போகும் வரை இதை மனைவிக்கு விளக்கும் கணவர்களை ஊட்டி விடுதி வாசல்களில் காணலாம். "என்னங்க, போட்டிங் மூடிடப் போறான்" என்பதே இதற்கு இதுவரை வந்துள்ள ஒரே மறுப்புரை.

டயர்களை முன்பின் மாற்றும்போது மூடிகளும் கூடவே பயணம் போய்விட, திரை மட்டும் பழைய இடத்தையே காட்டும் கோளாறும் உண்டு. பள்ளிப் பௌதிகத்தில் படித்த இடமாறு தோற்றப்பிழைக்கு இதைவிட நேரடியான செய்முறை இல்லை.

பூர்வபட்சத்துக்கும் செவிசாய்ப்போம். கருவி வீணா? இல்லை. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லத்தான் கசியும். ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியாது. பக்கச்சுவர் நசுங்கி நசுங்கிச் சூடேறி, ஒரு கட்டத்தில் வெடிக்கும். அந்த அரைமணி நேரத்தில் 33, 29, 25 என்று இறங்கும் எண்ணைக் காட்ட அதற்குத்தான் முடியும். ஆனால் பெரும்பாலோர் அன்றைக்குச் சொல்வது: "சென்சார் பேட்டரி போயிடுச்சு போல." அடுத்த பங்கில் நிறுத்திப் பார்த்தபின்தான் ஆணி தென்படுகிறது. டிக்கியைத் திறந்து, பைகளையெல்லாம் இறக்கி, ஸ்டெப்னியைத் தூக்குகிறார்கள். அதில் எவ்வளவு காற்று இருக்கும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பெட்டியில் சென்சார் நான்குதான் வருகிறது.