சேவ் அண்ணன்

சத்தியமங்கலத்தில் தெருவுக்கு ஒரு சேவ் அண்ணன் இருப்பார். வயது முப்பத்தைந்துக்கு மேல். விடியற்காலையில் பூ மார்க்கெட்டில் மல்லிகைக் கணக்கு. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கேம்.

"ஏனுங்க, சோறு ஆறிப்போவுது!"

"சேவ் பண்ணிட்டு வந்தர்றேன்!"

அப்படியென்றால் எவ்வளவு நேரம் என்பது அண்ணிக்குத் தெரியும். அண்ணன் இன்னமும் ஆடுவது 2002-இல் வந்த வைஸ் சிட்டி. அதில் மிஷன் நடுவில் சேவ் கிடையாது. மிஷனை முடித்து, ஓஷன் வியூ ஓட்டல் மாதிரி ஓரிடத்துக்கு வண்டியை விரட்டி வந்தால்தான் உண்டு. சேவ் செய்ததும் கேமில் கடிகாரம் ஆறு மணி நேரம் தாவிவிடும். வீட்டுக் கடிகாரமும் ஏறக்குறைய அப்படித்தான்.

அண்ணன் அடிபட்டு வளர்ந்தவர். ஸெல்டா என்ற கேமின் கேசட்டுக்குள் பேட்டரி வைத்து, விட்ட இடத்தைக் காப்பாற்றும் வித்தை 1987-லேயே அமெரிக்காவுக்குப் போய்விட்டது. இவர் கைக்கு வந்ததோ ஆயிரம் கேம் என்று அட்டையில் போட்ட மஞ்சள் கேசட். கரண்ட் போனால் மரியோ மறுபடி முதல் குழாயிலிருந்து ஓட வேண்டும். பிறகு நெட் சென்டர் காலம். அங்கே டீப் ஃப்ரீஸ் போட்டிருப்பார்கள். ரீஸ்டார்ட் ஆனால் அன்றைய உழைப்பெல்லாம் அழிந்து போகும். அதனால் மை டாக்குமென்ட்ஸுக்குள் நுழைந்து, 'ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்' ஃபோல்டரை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டுதான் எழுந்திருப்பார். பரீட்சை ஹால் டிக்கெட்டை மறந்த நாள் உண்டு. பென்டிரைவை மறந்த நாள் இல்லை.

"இப்பல்லாம் அதுவே சேவ் ஆயிருதுங்க மாமா" என்றான் அக்கா பையன்.

"சாகப்போற நேரம் பாத்து அதுவே சேவ் ஆச்சுன்னா? திரும்பத் திரும்ப அங்கியே சாவியா? அதுக்குத்தான்டா கண்ணு எட்டு ஸ்லாட்டு."

எட்டும் நிரம்பியிருக்கின்றன. சேவ் என்பது திரையைப் படம் பிடிப்பதல்ல, வெறும் எண்கள்தான் என்று பாடம் வேறு நடத்துவார்: எங்கே நிற்கிறாய், உயிர் எவ்வளவு, காசு எவ்வளவு, எந்த மிஷன் முடிந்தது.

திம்பம் மலை ஏறும்போதும் இதே புத்தி. பண்ணாரியில் இறங்கி அம்மனைக் கும்பிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, "சேவ் ஆயிருச்சு, இனி இருபத்தேழு வளைவும் ஏறலாம்" என்பார். பக்கத்து சீட்டுக்காரர் அடுத்த பஸ்ஸுக்கு மாறிக்கொள்வார்.

உங்கள் வீட்டிலும் ஒரு சேவ் அண்ணன் இருந்தால் திட்டுங்கள், தட்டை எடுத்து வையுங்கள், தப்பில்லை. சேவ் ஆகும்போது மட்டும் ஸ்விட்சை அணைக்காதீர்கள். பாதி எழுதிய ஃபைல் கெட்டுப்போகும். அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குச் சோறு ஆறுவதே மேல்.