ஒரு பாலத்துக்கு எத்தனை முருங்கைக்காய்?

டென்மார்க் தமிழரிடையே வழங்கும் வாழ்க்கைச் செலவு ஒப்பீடு இரு வகைப்படும். ஒன்று, தலைநகர் கோபன்ஹேகன் இருக்கும் ஷெலன்ட் தீவுக்காரர் செய்வது. மற்றது, மேற்கே ஜெர்மனியோடு ஒட்டிக்கிடக்கும் யூலன்ட்காரர் செய்வது. இரண்டிலும் முடிவு முதலில் வரும், கணக்கு பிறகு வரும். ஒப்பிடுபவர் எந்த ஊரில் வீடு வாங்கியிருக்கிறாரோ அந்த ஊரே மலிவு, அந்த ஊரே வசதி, பிள்ளைகள் படிக்க அதை விட்டால் வேறு இடமில்லை என்பதே அந்த முடிவு.

இத்துறையின் மிக அண்மைய எடுத்துக்காட்டு கடந்த சனிக்கிழமை மாலை ஹெர்னிங்கில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் கிடைத்தது. கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்த விருந்தினர் ஒருவர் ரோல்ஸை ஒரு கடி கடித்துவிட்டு, "முருங்கைக்காய் இஞ்சை என்ன விலை மச்சான்?" என்று கேட்டார். விலை சொல்லப்பட்டது. அவர் ஆறுதலாக மென்று விழுங்கி, "எங்கட பக்கம் அதில பாதி" என்றார். எதிரே வடைத் தட்டோடு நின்றவர் பல ஆண்டுகளாக யூலன்ட்வாசி. அவருக்கும் இக்கட்டுரையை எழுதியவருக்கும் சட்டை அளவு, மூக்குக் கண்ணாடி, இரத்த அழுத்தம் மூன்றும் ஒன்று. அவருக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. ஞாயிறு காலை பல் துலக்கும்போதுதான் வந்தது. அந்தப் பதிலே இங்கே வரிசைப்படி, காழ்ப்பு எதுவுமின்றித் தரப்படுகிறது.

முதலில் வரலாறு. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழரில் பெரும்பாலோர் ஊர் தேர்ந்து குடியேறியவர்கள் அல்லர். 1986 முதல் 1998 வரை அகதிகளை நாடெங்கும் பரவலாகக் குடியமர்த்துவதே டென்மார்க்கின் கொள்கை. அந்தப் பொறுப்பு டேனிஷ் அகதிகள் பேரவையிடம் இருந்தது. ஹெர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ, ஸ்ட்ரூவர், பிராண்டெ என்று வாயில் நுழையாத யூலன்ட் பெயர்கள் தமிழ்க் குடும்பங்களின் முகவரியானது இப்படித்தான். அன்று விலை ஒப்பிட யாருக்கும் நேரமில்லை. 1987 முதல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் மனைவி, பிள்ளைகள் வந்து சேர்வதற்கான விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டுவைத்தார். அந்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அடுப்பு எரிந்தது. முருங்கைக்காய் வாங்கப்பட்டது. ஒப்பீடு தொடங்கியது. அதிகாரி ஒருவர் வரைபடத்தில் விரல் வைத்த ஊரை, தானே ஆராய்ந்து தேர்ந்த ஊர்போல நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொருவரும் வாதாடிக் காத்து வருகின்றனர்.

இரண்டாவது, வரி. டென்மார்க்கில் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிகள் 98 உண்டு. 2007க்கு முன் 271 இருந்தன, அப்போது ஒப்பிட இன்னும் வசதி. வருமானத்தில் ஒவ்வொரு கொம்யூனும் தனித்தனி விகிதத்தில் வரி எடுக்கும். நாட்டுச் சராசரி ஏறத்தாழ 25 விழுக்காடு. கோபன்ஹேகன் அதற்குக் கீழே. இந்த ஒன்றிரண்டு விழுக்காட்டைக் கோபன்ஹேகன்காரர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிவார். மற்றபடி அரிசிக்கும் தங்கத்துக்கும் ஒரே 25 விழுக்காட்டு விற்பனை வரிதான், ஷெலன்டில் வாங்கினாலும் யூலன்டில் வாங்கினாலும். சம்பளத்தில் முதலில் கழிக்கும் 8 விழுக்காடும் அப்படியே. மஞ்சள் நிறச் சுகாதார அட்டையைக் காட்டினால் இரண்டு பக்கமும் மருத்துவர் காசு கேட்பதில்லை. பல்கலைக்கழகத்துக்கும் கட்டணமில்லை. வெற்றுப் போத்தலைக் கடை இயந்திரத்தில் போட்டால் வகையைப் பொறுத்து 1, ஒன்றரை அல்லது 3 குரோனர் திரும்பக் கிடைக்கும், அதுவும் நாடெங்கும் ஒன்றே. வாழ்க்கையில் முக்கியமான எல்லாவற்றையும் அரசாங்கம் சமமாக்கி வைத்துவிட்டதால்தான் சண்டை முருங்கைக்காயில் வந்து நிற்கிறது.

மூன்றாவது, வீடு. இதில் உண்மையாகவே வேறுபாடு உண்டு. ஹெர்னிங்கில் தோட்டம், கராஜ், மூன்று படுக்கையறை என்று தனிவீடு வாங்கும் காசுக்குக் கோபன்ஹேகனில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு கிடைத்தாலே பெரிது. விருந்தினரை அங்கே உட்காரவைத்தால் வீட்டுக்காரர் நிற்க வேண்டும். ஆனால் கோபன்ஹேகன்காரர் கார் இல்லாமலே சீவிக்கலாம். 2002 முதல் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் மெட்ரோ அங்கே உண்டு. 2019இல் நகரைச் சுற்றி 17 நிலையங்களோடு வட்டப் பாதையும் வந்தது. யூலன்டில் காலை ஆறு மணி வேலைமுறைக்குத் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டிய கணவனுக்கு ஒரு கார், வேறு திசையில் வேலைக்குப் போகும் மனைவிக்கு ஒரு கார். டென்மார்க்கின் கார்ப் பதிவு வரி, காரின் விலைக்கு மேல் இன்னொரு காரின் விலையைக் கேட்கக்கூடியது. வீட்டில் மிச்சம் பிடித்த காசு இப்படி வாசலிலேயே நின்று மழையில் நனையும்.

தோட்டத்தால் வரும் சேமிப்பும் இங்கே கணக்கிடப்பட வேண்டும். மேலே சொன்ன வடைத் தட்டுக்காரர் 6,000 குரோனர் செலவில் கண்ணாடிக் குடில் அமைத்துப் பச்சை மிளகாய் நட்டார். அந்தக் கோடையில் கிடைத்தவை 11 மிளகாய். ஒன்று 545 குரோனர். இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. "எங்கட வளவில காய்ச்சது" என்று மட்டும் சொல்வார்.

நான்காவது, பாலம். இதைப் பார்த்தேயாக வேண்டும். ஷெலன்ட் தீவையும் நடுவில் உள்ள ஃபூன் தீவையும் இணைப்பது ஸ்டோரெபெல்ட் பாலம். 18 கிலோமீட்டர்க் கடல் வழியில் ஒரு பகுதி தொங்கு பாலம், அதன் நடு இடைவெளி 1,624 மீட்டர். 1998 ஜூன் 14 அன்று கார்களுக்குத் திறக்கப்பட்டது. உலகிலேயே நீளமான தொங்கு பாலம் என்ற பெயர் அதற்குக் கிடைத்திருக்கும், அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரர் 1,991 மீட்டரில் ஒன்றைத் திறக்காமல் இருந்திருந்தால். இரண்டு மாதத்தில் தவறியது. ஒப்பீடு என்றால் பாலத்துக்கே இதுதான் கதி.

ஃபூனிலிருந்து யூலன்டுக்குப் போகும் சிறிய பாலங்கள் இலவசம். இந்தப் பெரிய பாலத்துக்குத்தான் காசு. கார் ஒன்று ஒரு முறை கடக்க 200 குரோனருக்கு மேல், திரும்பி வர அதே அளவு. சாவடி ஷெலன்ட் கரையில் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய சிறு பெட்டி பீப் என்று ஒலிக்கும், தடுப்பு எழும்பும். அந்த ஒலி கேட்கும்போது காருக்குள் பேச்சு ஒரு கணம் நிற்கும். அதன் பிறகு அந்தக் குடும்பத்தின் எல்லாக் கணக்குக்கும் பாலமே அலகு. ஒரு கிலோ முருங்கைக்காய் இவ்வளவு பாலம். ஒரு பட்டுச் சேலை இத்தனை பாலம். மூத்தவளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்த செலவு, சாப்பாடு நீங்கலாக, இத்தனை பாலம். மேற்படி பச்சை மிளகாய் ஒன்று, போய்வரப் பாலம்.

பாலக்காசைக் கணக்கெழுதுவதிலும் இரு மரபுகள் உண்டு. கோபன்ஹேகன்காரரின் மரபில் அது யூலன்டின் குறை: "உங்களைப் பாக்க வர நாங்கள் காசு கட்டவேண்டிக் கிடக்கு." யூலன்ட்காரரின் மரபில் அது கோபன்ஹேகனின் குறை: "உங்கை வாறதெண்டா முதல்ல வாசல்ல காசு கட்டவேணும்." கட்டணம் வாகனத்தின் நீளத்தைப் பார்த்து வாங்கப்படுகிறது. உள்ளே எத்தனை பேர், எத்தனை பலகாரப் பெட்டி என்பது கணக்கில் இல்லை. இந்த விதியைத் தமிழர் அறிந்த அளவு ஆழமாக இந்நாட்டில் வேறெவரும் அறிந்ததில்லை. ஆகவே கோபன்ஹேகனிலிருந்து ஒரு கார் வருமானால் அது நிறைந்தே வரும்: அப்பா, அம்மா, மாமி, மாமியின் மூட்டுவலி, யாரோ ஒருவர் ஒருவரிடம் கொடுக்கச் சொன்ன இடியப்பத் தட்டு.

பிறந்தநாளுக்குக் கொடுக்கும் கவரிலும் பாலம் இருக்கிறது. உள்ளூர்க்காரர் 500 குரோனர் வைத்தால் கோபன்ஹேகன்காரர் 300 வைக்கலாம், மிச்சத்தைப் பாலம் வைத்துவிட்டது என்பது எழுதாத சட்டம். கவரைப் பிரிக்கும் வீட்டுக்காரரும் "பாலம் கடந்து வந்தவை" என்று பெருமூச்சோடு ஒத்துக்கொள்வார். அடுத்த முறை அவர் கோபன்ஹேகன் போகும்போது அதே கழிவை எடுத்துக்கொள்வார். இப்படியே சுற்றிச் சுற்றி, பாலம் வந்த நாளிலிருந்து இரு தரப்பு வரவுசெலவும் சரியாகிவிட்டிருக்க வேண்டும். கேட்டுப் பார்த்தால் இரு தரப்புக்கும் நட்டம். பாலம் வருவதற்கு முன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கப்பலில் கடந்ததை முதியவர்கள் சொல்வார்கள்: அப்போது காசு கொடுத்தாலும் கோப்பி குடிக்க மேசை இருந்தது, கடல் தெரிந்தது, இப்போது பீப் மட்டும்.

இடையில் இருக்கும் ஃபூன்வாசிகள் இந்த ஒப்பீட்டில் சேர்க்கப்படுவதில்லை. அத்தீவின் ஓடென்ஸெயில் பிறந்த எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1819இல், 14 வயதில், கோபன்ஹேகனே மேல் என்று படகேறினார். அவரும் வீட்டு வாடகையை விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு பயணத்துக்குப் பாலக் கணக்கு இல்லை. செத்தவீட்டுக்கு வருபவர் எவரும் பாலக்காசைப் பற்றி வாய் திறந்ததில்லை. கவரும் இல்லை, கழிவும் இல்லை. அன்று முருங்கைக்காய் விலையையும் யாரும் கேட்பதில்லை.

ஐந்தாவது, வாழ்க்கைத் தரம். யூலன்ட்காரரிடம் வேறு சரக்குத் தீர்ந்தால் இயற்கையை எடுப்பார். சில்கபோர் அருகே ஹிம்மல்பியர் என்று ஒன்று உண்டு. பெயருக்கு வானமலை என்று பொருள், உயரம் 147 மீட்டர். நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடான மொல்லெஹோயும் யூலன்டில்தான், அது 171 மீட்டரைக்கூட எட்டவில்லை. டேனிஷ்காரர் இவற்றைப் பார்த்து நாணுவர். கீரிமலையை மலையென்றே நம்பி வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு அந்தக் கூச்சம் இல்லை, வந்தவரையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றுகின்றனர். கோவிலும் யூலன்டின் பக்கமே வலு: ஹெர்னிங்கில் சித்திவிநாயகர், பிராண்டெயில் அபிராமி அம்மன். கோடைத் திருவிழாவுக்குக் கோபன்ஹேகன்காரர் பாலக்காசு கொடுத்து வந்தே ஆகவேண்டும். அவர் பதிலுக்கு விமான நிலையத்தைச் சொல்வார். சென்னைக்கோ கொழும்புக்கோ போகிறவர் அவர் வீட்டில்தான் முதல் நாள் இரவு படுக்க வேண்டும், படுத்தவர்களை அவர் எண்ணியும் வைத்திருக்கிறார்.

இந்நாட்டவர் இப்படி ஒப்பிடாமைக்குக் காரணம் யான்டே சட்டம் என்பர். அக்செல் சாண்டெமோஸெ 1933இல் ஒரு நாவலில் எழுதிய பத்து விதிகள் அவை. எங்களைவிட நீ மேல் என்று நினைக்காதே என்பது அவற்றின் சாரம். சாண்டெமோஸெ பிறந்ததும் யூலன்டின் வடமேற்கே மோர்ஸ் தீவில் என்பதை, பெருமைக்காக அல்ல, தகவலுக்காக இங்கே குறிப்பிடலாம். அந்தப் பத்தும் ஆளைப் பற்றியவை. எங்கள் ஊர் மேல், எங்கள் கடை மலிவு என்று நினைப்பதை அவற்றில் எதுவும் தடுக்கவில்லை. அந்த இடைவெளியில் சமூகம் ஒன்று முழுதாகக் குடியேறிவிட்டது.

சென்ற சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கோபன்ஹேகன் விருந்தினர் விடைபெற்றார். மிஞ்சிய ரோல்ஸும் ஒரு பை முருங்கைக்காயும் அவர் காரில் ஏற்றப்பட்டன. முருங்கைக்காய் இரட்டை விலையில் வாங்கியது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலம் இரவு பகல் திறந்திருக்கும். காற்று மிகக் கடுமையாக வீசும்போது மட்டும் மூடிவிடுவார்கள். அன்று ஒப்பீடு தொலைபேசியில் நடக்கும்.