தாராளப் பிரபு

சாமராஜநகர் வட்டாரத்தில் எந்தச் சபைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பேர் எதுவாக இருந்தால் என்ன, நாம் தாராளப் பிரபு என்றே வைத்துக்கொள்வோம்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் பிரபுவுக்குப் பக்தி பொங்கும். கண் மூடும், தலை ஆடும், குரல் உயரும். பை அவரைத் தாண்டிப் போனபிறகே கண் திறக்கும். சத்தியமங்கலம் போகிற திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. பிரபுவின் கை சட்டைப் பையிலிருந்து காணிக்கைப் பைக்கு வர அதைவிடக் கூடுதல் வளைவு. வந்து சேர்ந்தாலும் விழுவது கடைக்காரர் வேண்டாமென்று தள்ளிய பத்து ரூபாய் நாணயம். அந்த நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியாயிற்று. அதை நம்பி வாங்கிக்கொள்வது சபை மட்டும்தான். 2016 நவம்பரில் பழைய ஐந்நூறு செல்லாது என்று அறிவித்த அடுத்த ஞாயிறு மட்டும் அவர் உண்மையிலேயே பிரபுவாக இருந்தார்.

இந்த ஊருக்கென்று அவரிடம் ஒரு வித்தை உண்டு. எட்டு மணிக்குக் கன்னட ஆராதனை, பத்து மணிக்குத் தமிழ் ஆராதனை. கன்னடத்தில் பை வந்தால் "தமிழ் சர்வீசுல போட்டுடுவேன்" என்பார். தமிழில் வந்தால் "ஆகலே கொட்டித்தீனி", அதாவது அப்பவே கொடுத்துட்டேன் என்று கன்னடத்தில் சொல்லிக் கைகூப்புவார். இரண்டு மொழியும் தெரிந்திருப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் இவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

தசமபாகத்திலும் அவர் நேர்மையானவர்தான். வரவில் உரச்செலவு, கூலி, வங்கிக் கடன், மகன் கல்லூரிக் கட்டணம், கல்யாண மொய் எல்லாம் கழித்து மிச்சத்தில் பத்தில் ஒன்று பார்ப்பார். கடைசியில் சபைதான் அவருக்குப் பாக்கி என்று வரும். பெரிய மனசு, வசூலிக்க மாட்டார்.

பிரபுவின் முழு வீரத்தையும் பார்க்க அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வரவேண்டும். ராகி மூட்டை, மஞ்சள் குலை, வாழைத்தார் எல்லாம் போய், ஒரு பூசணிக்காய் மேடையேறும்.

"இருநூறு!"

"ஆயிரம்!" என்று எழுந்து நிற்பார் பிரபு. சபையே திரும்பிப் பார்க்கும். ஆயர் முகம் மலரும்.

"ஆயிரம் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! ஐயா, பணம்?"

"எழுதிக்கங்க தம்பி. நான் எங்க ஓடிப்போறேன்?"

ஓடமாட்டார், அதுதான் சிக்கல். அடுத்த அறுப்பு வந்துவிடும். பூசணி கூட்டாகி மறந்தே போயிருக்கும். பாக்கி மட்டும் வாடாமல் இருக்கும்.

ஒரே ஒரு மின்விசிறி கொடுத்திருக்கிறார். மூன்று இறக்கையிலும் "உபயம்" என்று அவர் பேர். விசிறி நின்றால் சபைக்கு வியர்க்கிறது, சுற்றினால் பேர் தெரியாமல் அவருக்கு வியர்க்கிறது.

ஆண்டுக் கூட்டத்தில் முதல் குரலும் அவருடையதே. "கணக்கு எங்கே? பெயின்ட் வாங்கின ரசீது எங்கே?" அதே நேரம் பின்வரிசையில் மஞ்சள் காட்டுக்குக் கூலிக்குப் போகும் பாட்டி, முந்தானையில் முடிந்த அரிசியை ஓசையில்லாமல் பெட்டியில் கொட்டிவிட்டுப் போவாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்தது. மிசோரமில் 1910-இல் பெண்கள் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கையில்தான் அங்கே ஊழியமே வளர்ந்தது. பாட்டிக்கு அந்தக் கதை தெரியாது, பிடி மட்டும் தெரியும்.

ஆனாலும் பிரபு கேட்கிற கணக்கைத் தள்ளிவிடக் கூடாது. எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைப் பவுல்கூடத் தனியாகச் சுமக்கவில்லை. யாரும் குறை சொல்லக் கூடாதென்று சபைகள் தேர்ந்தெடுத்தவரையும் கூடவே சேர்த்துக்கொண்டார். ஆகவே பொருளாளர்களே, மாதாமாதம் வரவு செலவை வாசல் பலகையில் ஒட்டுங்கள். பாட்டியின் பிடியரிசிக்கு அந்த மரியாதை உண்டு. பிரபுவின் பூசணிப் பாக்கியையும் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஞாயிறே வசூலாகிவிடும்.