அண்ணாந்து நிக்கறவனுக்கு அப்பாரு சொல்றது

வா கண்ணு, வா. கட்டல்ல உக்காரு. அந்தக் கொழாய அக்கட்ட வெச்சுப்போட்டு உக்காரு, நாய் மோந்து பாக்குது. என்னது, லென்சா? நூத்தம்பதுல ஆரம்பிச்சு அறநூறு வரைக்கும் போகுமா? சரி சரி. நானும் மாட்டுச் சந்தையில நூத்தம்பதுல ஆரம்பிச்சு அறநூறுல முடிஞ்ச பேரமெல்லாம் பாத்தவன்தான். துண்டு மறைவுல வெரலப் புடிச்சே முடிச்சுருவோம், பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. இதோட வெல என்னன்னு உங்கப்பன் சொன்னான். ரெண்டு கறவ மாடு வந்திருக்கும். ஆனா மாடுன்னா சாணி வழிக்கோணும். லென்சு சாணி போடாது. அந்த மட்டுக்கும் உனக்கு லாபந்தான்.

உங்கம்மாதான் சொல்லிப்போட்டுப் போச்சு. "மாமா, நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க, பொழுதன்னிக்கும் இட்டேறியில நின்னுட்டு பிளேனு போட்டோ புடிக்கறான், மொகரையெல்லாம் கருத்துப் போச்சு"ன்னு. புத்தி சொல்றக்கு எனக்கென்ன காசா பணமா. கேட்டுக்க.

பொண்ணு பாக்கப் போற எடத்துல பையன் என்ன பண்றான்னு கேப்பாங்க. "பிளேனுல இருக்கறானுங்க"ன்னா வடை பெருசா வரும். "பிளேனுக்கு அடியில நிக்கறானுங்க"ன்னா காப்பித் தண்ணியோட முடிஞ்சுரும். அதனால கலியாணம் முடியற வரைக்கும் "ஏவியேசன் லைன்ல இருக்கறான்"னு மட்டும் சொல்லச் சொல்லி உங்கம்மாகிட்ட சொல்லிப்போட்டேன். பொய்யில்ல பாரு.

அடுத்தது, தெரியாத பேரச் சொல்லாத. போன மாசம் நோம்பிக்கு வந்த ஒரம்பரை அத்தன பேரு முன்னாடியும் ஒசர கையக் காட்டி, "போயிங்"குன்ன. நான் வெத்தல மென்னுட்டிருந்ததால கம்முன்னு இருந்துட்டேன். அது போயிங்கில்ல சாமி, ஏர்பஸ் ஏ320. உன்ற கொழாய அறநூறு வரைக்கும் நீட்டிப் பாத்தும் தெரியல, எனக்கு ஒரு கண்ணுல புரை உழுந்தும் தெரிஞ்சுது. எப்பிடீங்கறயா?

காங்கேயம் மாடு புடிக்கறவன் என்ன பாப்பான்? மயிலையா செவலையா காரியான்னு நெறத்தப் பாக்கறது சின்னப் பசங்க வேல. நெறம் பாத்து இண்டிகோ, ஏர் இந்தியான்னு சொல்றதும் அதே மாதிரிதான். பேர அதுலயே எழுதித்தான வெச்சிருக்கறான். வெவரமானவன் சுழி பாப்பான், பல்லப் புடிச்சுப் பாப்பான், காலடி பாப்பான். போயிங் 737-க்குக் காலடிதான் அடையாளம். மேல ஏறறப்போ அடி வயித்தப் பாரு. ரெண்டு கருப்பு வட்டம் தெரியும். அது சக்கரம். பெரிய சக்கரத்துக்கு மூடி வெக்காம அப்பிடியே தெறந்த வாக்குல உட்டிருப்பான். ஏர்பஸ்ஸு அப்பிடியில்ல, கால மடக்கி உள்ள வெச்சுக் கதவச் சாத்திக்கும், பெரிய எடத்துப் பொண்ணாட்டம்.

இன்னொன்னு, எஞ்சின் வாய். 737-ல எஞ்சின் வாயி அடியில சப்பட்டையா இருக்கும். ஏன்னு கேளு. அந்த பிளேனு மொதல்ல பறந்தது 1967. அப்ப எஞ்சின் எல்லாம் பீடிக்கட்டாட்டம் ஒல்லி. ஏணி வெக்காமச் சாமான் ஏத்தட்டும்னு பிளேனையும் குட்டக் காலோட பண்ணிப்போட்டான். பொறகால பெரிய எஞ்சின் மாட்டலாமுன்னு பாத்தா, குட்டக் கால் மாட்டுக்கு மடி பெருத்த கதையாயிப் போச்சு. தரையில இடிக்குமல்ல? அதுக்குன்னு எஞ்சினுக்கு அடியில தொங்கிட்டிருந்த சாமானையெல்லாம் பக்கத்துக்கு ஒதுக்கி, வாய நசுக்கி உட்டான். வாலு தொடங்கற எடத்துலயும் ஒரு மடிப்பு இருக்கும். இத்தனையும் எனக்கு ஆரு சொன்னாங்கறயா? ஏர்போர்சுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயரான ஆளு ஒருத்தரு டீக்கடைக்கு வருவாரு. ஒரு டீக்கு ஒரு பிளேனுன்னு கணக்கு. நீ லென்சுக்குக் குடுத்த காசுல எத்தன டீ வருமுன்னு வட்டி போட்டுப் பாரு.

வாலுகிட்ட நம்பர் எழுதியிருக்குமே, வி.டி.ன்னு ஆரம்பிக்கறது. அத நீ நோட்டுல எழுதறயாமா. நல்லது. அந்த வி.டி.ன்னா 'வைசிராய் டெரிட்டரி', வெள்ளக்காரன் நம்ம மேல வெச்ச சூடுன்னு நீயும் நெஞ்சு வெடிக்கப் பேசிட்டிருந்தயாமா. அது சும்மா கட்டுன கதை. 1927-ல வாசிங்டன்ல நாடுகளெல்லாம் கூடி ரேடியோவுக்கு எழுத்துப் பங்கு போட்டுக்கிட்டாங்க. பிரிட்டிசுக்காரன் பங்குல உழுந்த 'வி' வரிசையில நமக்குக் கெடச்சது வி.டி. ஆஸ்திரேலியாக்காரன் வி.எச்.சு வெச்சிருக்கறான், அவன் ஒண்ணும் அழுவல.

உன்ற படத்துக்கு வர்றேன். அந்தச் செல்லத் தா, கண்ணாடி எங்க... ஆங். இது ஏ.டி.ஆர். றெக்க முதுகு மேல, மூக்குல காத்தாடி. நல்லாத்தான் இருக்குது. ஆனா காத்தாடியில ஆறு எலையும் எண்ணற மாதிரி நிக்குதே கண்ணு? எஞ்சின் நின்னுபோச்சா? இந்நேரம் இது அரசூருப் பக்கம் சோளக்காட்டுல உழுந்திருக்கோணுமே? ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுல அமுக்கியிருப்ப. ஜெட்டுன்னா அது சரி. காத்தாடி பிளேனும் எலிகாப்டரும் வந்தா நூத்தி இருவத்தஞ்சுல ஒரு பங்குக்கு எறக்கி, பிளேனோட கூடவே கொழாயத் திருப்பிட்டே அமுக்கோணும். பத்துல ஒம்போது தேறாது, கலங்கிப் போயிரும். தேறுன ஒண்ணுல காத்தாடி புகையாட்டம் சுத்தும். ஒம்போதையும் அழிச்சுப்போட்டு அந்த ஒண்ண மட்டும் ஊருக்குக் காட்டு. எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்களாம். உங்கம்மா கலியாண ஆல்பத்த நெனச்சுப் பாரு.

உச்சி வெய்யல்ல நிக்காத. மொகத்துக்குச் சொல்லல, படத்துக்குச் சொல்றேன். சூடு ஏறுனா ரோட்டு மேல தண்ணி நிக்கற மாதிரி அலையடிக்குமல்ல? உன்ற கொழாயி அந்த அலையையும் சேத்துப் பெருசாக்கிரும். பிளேனு கொழஞ்ச கூழாட்டம் வரும். காலைல எட்டு மணிக்குள்ள, இல்லாட்டி பொழுதோட. நடுவால சோறு தின்னுபோட்டுத் தூங்கு.

காத்தப் படிக்கத் தெரியோணும் உனக்கு. செல்லுல அந்த ராடார் ஆப்பத் தட்டுனாத்தான் உனக்குப் பிளேனு வர்ற தெச தெரியுது. கோயமுத்தூர் ஓடுதளத்துக்கு ரெண்டு பேரு. ஒரு கோடி அஞ்சு, மறு கோடி இருவத்திமூணு. தெசமானியில எரநூத்தி முப்பதுன்னா தென்மேற்கு. அதுல கடைசிப் பூச்சியத்த எடுத்துட்டா இருவத்திமூணு. அவ்வளவுதான் சூட்சுமம். பிளேனு பெரும்பாலும் காத்தப் பாத்துத்தான் எறங்கும், காத்தப் பாத்துத்தான் ஏறும், தூத்தறவன் நெனப்புக்கு நேர் மாறா. ஆடியில பாலக்காட்டுக் கணவாயில இருந்து காத்து மொகத்துல அறையும். அப்ப இருவத்திமூணு. கெழக்கால இருந்து நம்ம தென்னந்தோப்புக்கு மேலயே வந்து எறங்கும். ஐப்பசி, கார்த்திகையில காத்து வாடைக்குத் திரும்புச்சுன்னா பிளேனும் அக்கட்ட போயிரும். நீ போன கார்த்திகையில மூணு நாளு தோப்புல நின்னயே, ஒண்ணும் வரலைன்னு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். தேங்கா களவு போகாம இருக்கட்டுமேன்னு சொல்லல.

இப்ப சூலூர் ஏர்போர்சு தளத்துச் சங்கதி. இதுல நான் வெளையாடல... சரி, கொஞ்சமா வெளையாடறேன். உனக்குத் தேஜஸ் சண்டை பிளேனு மேலதான் கண்ணு, தெரியும். 2018 ஜூலையில மொத கூட்டம் இங்க வந்துச்சு, 2020 மே மாசம் ரெண்டாவது. சின்ன உருப்படி. பதிமூணு மீட்டரு, நம்ம டவுன் பஸ்ஸ விடக் கொஞ்சந்தான் நீளம். முக்கோணமா ஒரே றெக்க, பின்னால சின்ன றெக்க கெடையாது, ஒத்த எஞ்சின். வாலறுந்த கரிச்சானாட்டம் போவும். அத அடையாளம் புடிக்கறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. 2024 ஆகஸ்டுல 'தரங் சக்தி'ன்னு பயிற்சி நடத்துனாங்களே, ஜெர்மன்காரன், பிரெஞ்சுக்காரன், ஸ்பெயின்காரன், இங்கிலீசுக்காரன் எல்லாரும் சூலூருக்கு வந்தானே, அப்பத்தான் நெசப் பரீச்சை. ரபேலும் யூரோபைட்டரும் அண்ணன் தம்பியாட்டம் இருக்கும். ரெண்டுக்கும் முக்கோண றெக்க, ரெண்டுக்கும் முன்னால குட்டி றெக்க, ரெண்டுக்கும் ரெட்டை எஞ்சின். வாயப் பாக்கோணும். யூரோபைட்டருக்கு வாயி தாடைக்கு அடியில. ரபேலுக்கு ரெண்டு கன்னத்துலயும். ரபேலு மூக்குக்கு மேல ஒரு கம்பி வளைஞ்சு நிக்கும், ஆகாசத்துலயே எண்ணெ குடிக்கற கொழாயி. அத மடக்க முடியாது, எப்பவும் நீட்டிட்டேதான் இருக்கும். யூரோபைட்டருது உள்ள ஒளிஞ்சுக்கும். அந்த வாரம் நான் களை எடுத்துட்டே பாத்தேன். நீ அப்ப பரீச்சைன்னு பெங்களூருல இருந்த. அழுவாத.

அதுக்குன்னு வேலி ஓரமா போயி மரத்துல ஏறாத. போன வாரம் ஏறுனயாமா? ஆடு மேய்க்கற பையன் சொன்னான். "சும்மா போட்டோதான அப்பாரு"ங்கற. வெள்ளக்காரன் 1923-ல ஒரு ரகசியச் சட்டம் போட்டு வெச்சுட்டுப் போனான், இன்னமும் உசுரோடதான் இருக்குது. ராணுவத் தளத்தப் படம் புடிச்சா, அது ஆசைக்கா உளவுக்கான்னு நீயே நிரூபிச்சுட்டிருக்கோணும். கிரீஸ்ல கலமாட்டான்னு ஒரு ஊரு. 2001 நவம்பர்ல பன்னண்டு இங்கிலீசுக்காரனும் ரெண்டு டச்சுக்காரனும் அங்க விமானப்படைக் காட்சிக்குப் போயி, பிளேனு நம்பரப் பாத்துப் பாத்து நோட்டுல எழுதுனாங்க. புடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. "இது எங்க ஊருல பொழுதுபோக்குங்க"ன்னு சொன்னா, கோர்ட்டுக்கு நம்பிக்கை வரல. வருமா பின்ன? வயசான மனுசன் வெய்யல்ல நின்னு நம்பர் எழுதறான், காசு கெடையாது, அந்த பிளேனுல ஏறவும் போறதில்ல, இது ஆசைன்னு சொன்னா எவன் நம்புவான்? 2002 ஏப்ரல்ல அஞ்சாறு பேத்துக்கில்ல, பதினாலு பேத்துக்கும் தண்டனை. நவம்பர்லதான் அப்பீல்ல உட்டாங்க. அத்தனைக்கும் மூலம் ஒரு நோட்டும் பேனாவும். நீ கொழாயோட போற.

இதுல சிரிப்பென்னன்னா, இந்தப் பித்தே இங்கிலீசுக்காரன் ஊருல அரசாங்கமே ஊட்டி வளத்தது. ரெண்டாம் உலகச் சண்டையில வர்றது நம்ம பிளேனா எதிராளி பிளேனான்னு சொல்றக்கு ஊரெல்லாம் ஆளு நிறுத்தினான். நெழல் படமாப் போட்டுப் பழக்கறக்கு 1941-ல தனியா ஒரு பத்திரிகையே வந்துச்சு. சண்டை முடிஞ்சுது. பாத்த கண்ணு மட்டும் சும்மா இருக்குமா?

உனக்கு அதிர்ஷ்டம் இருந்தா பிளேனே வந்து மாட்டும். 2025 ஜூன்ல திருவனந்தபுரத்துல அந்த இங்கிலீசு எப்-35 வந்து எறங்குச்சே, நின்ன எடத்துலயே எறங்கற சூரன். எறங்குனது எறங்குனதுதான், எந்திரிக்க முடியல. ஜூன் 14-ல இருந்து ஜூலை 22 வரைக்கும் அங்கயே நின்னுது, காவலுக்கு நம்ம ஆளுங்க. கேரளா சுற்றுலாக்காரன் உடுவானா? பிளேனுக்கே ஊட்ட உட்டுப் போக மனசில்லைன்னு வெளம்பரம் பண்ணிப்போட்டான். லேசுல ஆரும் பக்கத்துல போயிப் பாக்க முடியாத பிளேன, சபரிமலைக்குப் போற கூட்டமாட்டம் எல்லாரும் பாத்தாங்க. நீயும் ரயில் ஏறிப் போறேன்னு நின்ன. உங்கப்பன்தான் தக்காளி எடுப்பு இருக்குதுன்னு நிறுத்திப்போட்டான். எனக்கும் கொஞ்சம் வருத்தந்தான். கூட வரலாமுன்னு வேட்டி தொவச்சு வெச்சிருந்தேன்.

என்ன அப்பிடிப் பாக்கற? செவுத்துல அந்தத் தேதிக் காலண்டரா? அத எதுக்கு எடுக்கற... வெய்யி. அது பால் கணக்கு.

சரி, பால் கணக்கில்ல. கிழிச்ச தாள் பின்னால ஒண்ணு ரெண்டு எழுதி வெச்சிருக்கறேன், அவ்வளவுதான். எந்த நேரத்துக்கு எது போவுதுன்னு. கரண்டு எப்ப வருமுன்னு தெரியாத ஊருல மோட்டார் போடறக்கு ஒரு நேரங்காலம் வேணுமல்ல? எத்தன வருசமாங்கறயா? உங்கப்பன் பொறக்கறக்கு முந்தி ஒரு ரெண்டு வருசம். அடியில தகரப் பொட்டியில மீதி இருக்குது. உங்கம்மாகிட்டச் சொன்னயோ, தோல உரிச்சுப்போடுவேன்.

அது கெடக்கட்டும். நேத்து விடியக்காலம் அந்த சார்ஜா பிளேனு நம்ம தலைக்கு மேல வரல கண்ணு. காத்துத் திரும்பிருச்சாட்ட. அஞ்சா, இருவத்திமூணா, உன்ற செல்லுல கொஞ்சம் பாத்துச் சொல்லு. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்.